கடற்காற்று இசைக்குழுவின் அதிகாரபூர்வப் பலகை

காஜா பேராங், மலாக்கா.
13 ஆகஸ்டு 1957, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் கலியாணசுந்தரம் அவர்களுக்கு மைத்துனன் ராஜரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

சிங்கப்பூர் இசைத்தட்டுக் கம்பெனியின் ஏஜெண்டு திரு. பொன்னுதுரை, தங்கள் மகன் சேதுபதியின் பாட்டை இசைத்தட்டாகப் போடப் போவதில்லை. இன்று காலை மூவார் பஸ் புறப்படுவதற்கு முன் அவரே என்னிடம் நேரில் சொன்னார். உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் கேட்டேன். அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னார். பஸ் புறப்பட்டுவிட்டது.

முக்கியச் செய்தியை முதலில் வைத்துவிட்டு நலம் விசாரிப்பது பத்திரிகை வேலையில் ஒட்டிக்கொண்ட வழக்கம். அக்கா சந்திரமதி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஈப்போவில் தாங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவிக்கு இருமல் தணிந்திருக்கிறது. சேதுபதி சாப்பிடுகிறான், தூங்குகிறான், வேலைக்குப் போகிறான், பேசுவதில்லை. என்னிடம் பேசுவதில்லை என்று எழுதுவதே சரியான தகவல். அவன் அத்தையிடம் உப்புக் கேட்டதை நான் கேட்டேன்.

சென்ற தைப்பூசத்துக்கு இங்கே வந்திருந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்று தாங்கள் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "மெர்டேக்கா வர்றதுக்குள்ள இவன் பேர் போட்ட ரெக்கார்டு ஒண்ணு என் கையில இருக்கணும். இல்லன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு ஈப்போ வந்து என் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேலை பார்க்கணும். அப்புறம் குளிக்கிறப்ப மட்டும்தான் பாட்டு." அவன் சம்மதித்தான். நான் சாட்சி. இப்போது மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஊர் முழுவதும் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ரெக்கார்டு இல்லை. அது ஏன் இல்லை என்பதைத் தாங்கள் வேறு யார் வாயிலாகவும் கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பையன் பாடாததால் இல்லை, அத்தான். முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். மருந்துக்கடை வேலை முடிந்ததும் தினம் மாலை ஒத்திகை. சேதுபதி பாட்டும் அக்கார்டியனும், மருதமுத்து என்ற ரப்பர் தோட்டத்துப் பிள்ளை வயலின், தாளத்துக்கு இரண்டு பேர். 'கடற்காற்று இசைக்குழு' என்று பெயர். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. கல்யாண வீடுகளில் நல்ல பெயர். ஆனால் கல்யாண வீட்டில் பாட்டைக் கேட்டவர்கள் மறுநாள் பிரியாணியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது அவன் குறை. "மாமா, நம்மள பத்தின சேதி தினமும் ஜனங்க கண்ணுல படணும். நமக்குன்னு அதிகாரபூர்வமா ஒரு பலகை வேணும்" என்றான். அதிகாரபூர்வம் எதற்கென்றால், புக்கிட் காதிலில் ஒரு முடிதிருத்துபவர் தம் கடைக் கண்ணாடியில் சோப்பு நுரையால் கடற்காற்றைப் பற்றி இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். சேதுபதிக்குச் சினிமாவில் பாட அழைப்பு வந்திருப்பதாக அவர் எழுதியதை நம்பி, கிளேபாங்கிலிருந்து ஒரு குடும்பம் மாலையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டது.

பலகை ஏற்கெனவே இருந்தது. காஜா பேராங் சாலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஷம்சுதீனின் துணிக்கடையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், அக்காவுக்குச் சேலை எடுத்த கடை. ஐம்பத்தைந்தாம் வருடத் தேர்தலின்போது நான் முடிவுகளை டெலிபோனில் சொல்லச் சொல்ல, ஷம்சுதீன் ஒரு கறுப்புப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். தெருவே பலகைக்கு முன்னால் நின்றது. பெருநாள் போல இருந்தது. அன்று முதல் காஜா பேராங் மக்களுக்கு ஒரு எண்ணம் பதிந்துவிட்டது: ஒரு விஷயம் எங்கே நடந்தாலும் அதைப் பார்க்க வேண்டிய இடம் ஷம்சுதீன் கடைப் பலகை. இந்த எண்ணத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மலாக்காவில் என்னை விட்டால் நிருபர் யார்? நான் எனக்குத் தெரிந்தபடி எழுதினேன். முதல் நாள் செய்தி: 'கடற்காற்று குழுவின் ஒத்திகை நேற்று மாலை நடந்தது. மருதமுத்துவின் வயலின் தந்தி அறுந்தது. புதுத் தந்தி இன்னும் வரவில்லை.' சேதுபதி மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது படித்திருக்கிறான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"மாமா, இதெல்லாம் ஏன் மாமா எழுதறீங்க?"

"நடந்ததுதானே?"

"நடந்தா எழுதணுமா?"

"அப்ப நடக்காததையா எழுதறது?"

"மாமா, இது பேப்பர் இல்ல மாமா. விளம்பரம். 'மலாயாவின் தங்கக் குரல் சேதுபதி'ன்னு போடுங்க."

"அந்தப் பட்டத்த யாரு குடுத்தா?"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினான். "நானே வச்சுக்கிட்டேன்."

பையன் மனத்தைப் புண்படுத்தக் கூடாது, அதே சமயம் தகவலுக்கு ஆதாரமும் வேண்டும். ஆகவே மறுநாள், 'மலாயாவின் தங்கக் குரல் (அவரே சொன்னது) சேதுபதி' என்று எழுதினேன். அது ஊரில் பிடித்துக்கொண்டது, அத்தான், ஆனால் நினைத்த விதத்தில் இல்லை. இப்போது அவன் சைக்கிளில் போனால், காப்பிக் கடையிலிருந்து, "அவரே சொன்னது போறார், வழி விடுங்க லா!" என்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டுதான் போகிறான் என்று ஷம்சுதீன் சொல்கிறார். நான் பார்க்கவில்லை.

கூட்டம் வரத்தான் செய்தது. திங்கட்கிழமைதோறும் புதுப் பாட்டில் இரண்டு வரி மட்டும் எழுதுவோம், மிச்சம் வேண்டுமானால் கச்சேரிக்கு வர வேண்டும். 'அலையே உனக்கென்ன அவசரம், கரைதான் எங்கும் போகவில்லையே' என்று எழுதிய வாரம், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் விஜயா என்ற பெண் ஷம்சுதீன் கடைக்குள்ளேயே வந்து, "மூணாவது வரி என்னன்னு காதுலயாவது சொல்லுங்க அண்ணே, டியூட்டியில மனசு ஓட மாட்டேங்குது" என்று கெஞ்சினாளாம். பலகையின் கீழ்ப்பாகத்தில் ரசிகர்கள் தங்கள் கருத்தை எழுதவும் இடம் விட்டோம். கயிற்றில் சுண்ணாம்புக் கட்டி கட்டித் தொங்கவிட்டோம். 'மூன்றாவது பாட்டு நன்றாக இல்லை' என்று ஒருவர் எழுதினால், அதன் கீழே 'உன் காது நன்றாக இல்லை' என்று இன்னொருவர். பத்திரிகையில் வாசகர் கடிதத்துக்கு உள்ள விதியை நான் இங்கும் கொண்டுவந்தேன். முழுப் பெயரும் விலாசமும் இல்லாத கருத்துகளைத் துணியால் துடைத்துவிட்டேன். மறுநாள் ஒரே ஒரு கருத்து இருந்தது. 'கமலவேணி, கிளேபாங்' என்று பெயரும் ஊரும் இருந்தன. கருத்தைக் காணோம். இடம் போதவில்லை என்று பிறகு சொன்னாள்.

திரையைப் பற்றியும் எழுத வேண்டும். அது ஷம்சுதீனின் யோசனை. "அண்ணே, எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டினா யாரு மதிப்பா? பாதிப் பலகைக்குத் துணி போட்டு மூடுவோம். உறுப்பினர் சீட்டு வச்சிருக்கவங்க மட்டும் துணியத் தூக்கிப் பார்க்கட்டும்." நீலப் பூப்போட்ட கைலித் துணி ஒன்றைக் கடையிலிருந்தே எடுத்து ஆணியடித்து மாட்டினார். உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். ஷம்சுதீன் தொழுகைக்குப் போகும் நேரத்தில் சீட்டு இல்லாதவர்கள் துணியைத் தூக்க ஆரம்பித்ததால், அவர் மனைவி பஷீரா உள்கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சீட்டு எங்கம்மா?"

"வீட்டுல இருக்குக்கா."

"அப்ப வீட்டுலயே போய்ப் படிச்சுக்கம்மா."

திரைக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சேதுபதியைக் கேட்டேன். "எதாச்சும் சொந்த விஷயமா எழுதுங்க மாமா. காலையில என்ன பசியாறினேன், அந்த மாதிரி" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். அப்படியே எழுதினேன். 'இன்று காலை சேதுபதி பசியாறியது இடியாப்பம். ஆதாரம்: அவருடைய அத்தை.' தேங்காய்ப் பாலா சர்க்கரையா என்று கருத்துப் பகுதியில் கேள்வி வந்தது. விசாரித்து மறுநாள் போட்டேன். அந்த வாரக் கடைசியில் ஷம்சுதீன் கடைக்கு மூன்று வீடுகளிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் இடியாப்பம் வந்தது. திரைத் துணியின் பூவே நன்றாக இருக்கிறது, அதில் ஒரு கைலி வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. 'கடற்காற்றுக் கைலி' என்று ஷம்சுதீன் அதற்குப் பெயர் வைத்து விற்றுவிட்டார். இதில் பாட்டு எங்கே வருகிறது என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "வரும் அண்ணே, பின்னாடியே வரும்" என்றார். நல்ல மனிதர். பாட்டு வருமென்று அவர் நிஜமாகவே நம்பினார்.

இதற்குள் சேதுபதி சிங்கப்பூருக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஏஜெண்டு பொன்னுதுரை மலாக்கா வருவார், ஒரு கச்சேரி கேட்பார், பாட்டும் பிடித்துக் கூட்டமும் இருந்தால் இசைத்தட்டு. பண்டார் ஹிலிரில் ஒரு சங்க மண்டபத்தைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. பலகையில் நான் பெரிய எழுத்தில் எழுதினேன். டிக்கெட்டுகள் ஷம்சுதீன் கடையில் விற்றன, இடியாப்பம் கொடுத்தவர்களும் வாங்கினார்கள். சேதுபதி அந்த வாரம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் அக்காவின் கல்யாணப் படத்துக்கு முன்னால் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கதவருகே நின்ற என்னைப் பார்த்ததும், "இது பலகைக்கு இல்ல மாமா" என்றான். எழுதவில்லை.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம்.

மண்டபத்துச் செயலாளர் அறையில் ஒரு டெலிபோன் இருந்தது. அறையின் ஜன்னல் மேடையைப் பார்த்தபடி இருந்தது. அத்தான், ஒரு நிருபனை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? தேர்தலன்று செய்ததைப் போலவே செய்தால், வர முடியாதவர்களுக்கும் செய்தி போகும், குழுவுக்கும் நல்ல பெயர் என்று நினைத்தேன். ஷம்சுதீனிடம் முந்தின நாளே சொல்லி வைத்தேன். அவரும் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. 'கச்சேரிச் செய்தி பாட்டுக்குப் பாட்டு உடனுக்குடன் இங்கே' என்று பலகையின் தலையில் எழுதிவிட்டார். அப்படி எழுதியது எனக்கு ஞாயிறு மாலை வரை தெரியாது.

நாலு மணிக்கு மண்டபத்தில் முன் இரண்டு வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். அதில் சங்கச் செயலாளரின் வீட்டார் ஒரு வரிசை. பொன்னுதுரை நடுவில், ஒரு கையில் விசிறியோடு. மிச்சம் நாற்காலிகள். மழை வரும்போல் இருந்ததால் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன். குழு ஆரம்பித்தது. நான் டெலிபோனை எடுத்தேன். "முதல் பாட்டு ஆரம்பம். மருதமுத்துவின் வயலின் சுத்தமாக இருக்கிறது." இரண்டாவது பாட்டு முடிந்தும் நாற்காலிகள் அப்படியே இருந்தன. ஷம்சுதீனிடம் கேட்டேன்.

"ஷம்சுதீன், இங்க ஆளே இல்லையேப்பா. எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

"எங்கயும் போகல அண்ணே, எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க! ரோடே அடைஞ்சு போச்சு. பஸ்காரன் ஹாரன் அடிச்சு ஓஞ்சு, அவனும் எறங்கி வந்து படிக்கிறான். ரெண்டாவது பாட்டுக்குக் கைதட்டல் இருந்துச்சா இல்லையான்னு கேக்குறாங்க. சீக்கிரம் சொல்லுங்க அண்ணே, சத்தம் போடறாங்க."

"டிக்கெட் வாங்கினவங்க?"

"அவங்கதான் முன்னாடி நிக்கிறாங்க. டிக்கெட்டக் காட்டி முதல் வரிசை கேட்டு ஒரே சண்டை. பஷீராதான் பிரிச்சு விட்டா."

"யோவ், அவங்கள இங்க அனுப்புய்யா!"

"சொன்னேன் அண்ணே. 'இங்கயே நல்லாத் தெரியுது'ங்கிறாங்க. கச்சாங் கடலை வண்டி வேற வந்துருச்சு. பஷீரா சிரப் தண்ணி கலக்குறா. இனி யாரு அசைவா?"

அந்த இடத்தில் நான் டெலிபோனை வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் அவர்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு பஸ் ஏறி வந்திருப்பார்கள். அதற்கு எனக்கு நேரமும் இருந்தது. வைக்கவில்லை. பாதியில் நின்ற செய்தியை நான் என் ஆயுளில் ஒருமுறையும் அனுப்பியதில்லை என்ற ஒரே எண்ணம்தான் அப்போது எனக்கு இருந்தது. இந்தப் பெருமை எவ்வளவு அற்பமானது என்று இப்போது தெரிகிறது. மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணத்தின் நடுவே சேதுபதி மூச்சு வாங்கினான், அதையும் சொன்னேன். நடந்ததுதானே.

கடைசிப் பாட்டு அந்த அலைப் பாட்டு. மண்டபம் நிறையாது என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை நாற்காலிகளை வரிசை வரிசையாகக் கடைசி வரை பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அத்தான், தாங்கள் அதைக் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நான் டெலிபோனில், "கடைசிப் பாட்டு. இவன் இப்படிப் பாடி இதற்கு முன் நான் கேட்டதில்லை" என்று சொன்னேன். என் குரல் சரியாக இல்லை போலிருக்கிறது. "அண்ணே, அழறீங்களா?" என்று ஷம்சுதீன் கேட்டார். அதை எழுத வேண்டாம் என்றேன்.

பொன்னுதுரை எழுந்து வந்து சேதுபதிக்குக் கை கொடுத்தார். என்னைப் பார்த்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா காலி நாற்காலி ரெக்கார்டு வாங்காது, சார்" என்றார். கூட்டம் காஜா பேராங்கில் ஒரு பலகைக்கு முன்னால் நிற்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சார், நான் கோலாலம்பூர்லயிருந்து ஜொகூர் வரைக்கும் பாட்டுக்காரங்களப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். எல்லாரும் கூட்டம் வேற எங்கயோ இருக்குன்னுதான் சொல்றாங்க" என்றார். ஒரு காரில் ஏற்றிக் கூட்டிப்போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கச்சேரி முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாலையில் கச்சாங் காகிதம்தான் கிடந்தது. ஷம்சுதீன் பலகையைக் காட்டி, "எல்லாம் எழுதியிருக்கு பாருங்க சார்" என்றார். அது நான் டெலிபோனில் சொல்லச் சொல்ல எழுதியது என்று பொன்னுதுரைக்குத் தெரிந்துவிட்டது, கூட்டத்துக்கு அது சாட்சியாகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேதுபதி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீங்க என்ன மாமா செஞ்சீங்க?" செய்தி அனுப்பினேன் என்றேன். அவன் அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதுவதாக இல்லை. திங்கட்கிழமை பொன்னுதுரை தங்கியிருந்த இடத்துக்கு இரண்டு தடவை போனேன். இன்று காலை பஸ் நிலையத்துக்கும் போனேன். முடிவைக் கடிதத்தின் தலையிலேயே எழுதிவிட்டேன்.

ஆகவே, தாங்கள் விதித்தபடி, வரும் சனிக்கிழமை அவனைத் தம்பினில் ரயிலேற்றிவிடுகிறேன். பெட்டியை அவனே கட்டிக்கொண்டிருக்கிறான். அக்கார்டியனை அதில் வைக்கவில்லை. ஈப்போ நிலையத்துக்கு யாராவது வந்தால் நல்லது. கிராணி வேலையை அவன் ஒழுங்காகச் செய்வான், எதையும் அரைகுறையாகச் செய்கிற பிள்ளை இல்லை. ஒரு விஷயம் மட்டும் மைத்துனன் என்ற உரிமையில் கேட்டுக்கொள்கிறேன். கச்சேரிக்குக் கூட்டம் வராதது அவன் திறமைக் குறைவு என்று அவனிடம் சொல்லிவிட வேண்டாம். கூட்டம் வந்தது. அதை இடம் மாற்றி நிறுத்தியவன் நான்.

அக்காவுக்கு என் வணக்கம். அங்குள்ள குழந்தைகளுக்கு ஆண்டவன் நல்ல உடம்பையும் நல்ல தொண்டையையும் தரட்டும். இருமலுக்கு அக்கா அனுப்பிய லேகியம் நன்றாக வேலை செய்கிறது என்று என் மனைவி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ராஜரத்தினம்.

பின்குறிப்பு. புதன்கிழமை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் ஷம்சுதீன் ஓடிவந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். ஆகவே மேலே எழுதியதில் பாதி இப்போது செல்லாது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் எழுதும்போது அது உண்மையாக இருந்தது என்பதால் அப்படியே விட்டுவைக்கிறேன்.

நேற்று மாலை பொன்னுதுரை மூவாரிலிருந்து ஷம்சுதீன் கடைக்கு டெலிபோன் செய்திருக்கிறார். நடந்தது இது. அவர் ஏறிய பஸ்ஸிலேயே நர்ஸ் விஜயாவும் அவள் தாயார் அஞ்சலையும் மூவாருக்குப் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் கச்சேரியைப் பற்றி வாக்குவாதம். மூன்றாவது பாட்டில் அவன் மூச்சு வாங்கியது குற்றம் என்று தாயார், அவ்வளவு நீள வரியில் யாரும் வாங்கத்தான் செய்வார்கள் என்று மகள். பின் சீட்டில் இருந்த இன்னொருவர் கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாராம். பொன்னுதுரைக்குப் பொறுக்கவில்லை.

"நான் அந்தக் கச்சேரியில முன் வரிசையில உக்காந்திருந்தேனே. உங்கள யாரையும் பார்க்கலையே?"

"மண்டபத்துக்கா போனீங்க?" என்றாராம் அஞ்சலை. "ஐயோ பாவம். அங்க என்ன தெரியும்? நாங்கல்லாம் பலகையில இருந்தோம்."

"ரெக்கார்டு வந்தா வாங்குவீங்களா?"

"அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கோம். பலகை பாடாதுல்ல."

இதைப் பொன்னுதுரை டெலிபோனில் சொன்னதாக ஷம்சுதீன் சொன்னார். இன்று காலை திரும்பி வந்த விஜயாவிடமும் விசாரித்தேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்தக் கூட்டத்தை ஒருமுறை என் கண்ணுக்குக் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறேன் என்று பொன்னுதுரை சொல்லியிருக்கிறார்.

இதைச் சேதுபதியிடம் சொன்னபோது அவன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். எழுந்து ஷம்சுதீன் கடைக்குப் போனான். நானும் பின்னால் போனேன். பஷீரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரைத் துணியை ஆணியோடு பிடுங்கினான். இடியாப்பத்தைத் துடைத்தான். என் செய்திகள் எல்லாவற்றையும் துடைத்தான். தன் கையால் எழுதினான்: 'ஞாயிறு மாலை நாலு மணிக்கு இந்தப் பலகைக்கு முன்னால், இந்தத் தெருவில் நாங்களே வந்து பாடுகிறோம்.' எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினான். மூன்று நாளில் என்னிடம் அவன் பேசிய இரண்டாவது பேச்சு அது.

"மாமா, அன்னைக்கு நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். சும்மா வந்து நின்னு கேளுங்க."

சரி என்றேன். அவன் பாட்டை நான் இதுவரை குறிப்பெடுக்காமல் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஷம்சுதீன் அன்றைக்கு டெலிபோனைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே சனிக்கிழமை யாரும் ஈப்போ நிலையத்துக்கு வர வேண்டாம். பையன் வரமாட்டான். தாங்களும் அக்காவும் இங்கே வருவதானால், ஞாயிறு பகலுக்குள் வந்துவிட்டால் பலகையின் முன்னால் நல்ல இடம் கிடைக்கும்.

தெருவில் பாடுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். மனுவை இன்று காலை கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் பதில் கிடைக்கும் என்று நிலையத்தில் சொன்னார்கள், சொன்னவர் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன். பொன்னுதுரை தம் முடிவைத் திங்கட்கிழமை காலை சொல்வார். அதுவரை கிராணி நாற்காலியில் தாங்கள் வேறு யாரையும் உட்கார்த்த வேண்டாம். அவனுக்கென்று துடைத்தும் வைக்க வேண்டாம்.